முசுறு இருந்த பதினோரு மரங்கள்

நான்கு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, பேராவூரணிக்குத் தெற்கே ஒரு தோப்பில் நான் தென்னை மரத்திலிருந்து விழுந்தேன். இது விழுந்த கதை இல்லை. விழுந்ததால் இரண்டு மாதம் ஒரே இடத்தில் உட்கார வேண்டி வந்தது. உட்கார்ந்ததால் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கதைதான் இது. எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது, அதனால் வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தேங்காய் பறிக்கும் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இருபது வயதிலிருந்து மரம் ஏறுகிறேன். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பேன், ஆனால் நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில் பந்தியில் சாம்பார் வரவில்லை என்றால்கூடக் கேட்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். என் மனைவிக்கு இதில் ரொம்ப வருத்தம். மரத்து உச்சியில் ஏறும் மனுஷனுக்குத் தரையில் என்ன பயம் என்று கேட்பாள்.

அன்று மழை விட்டிருந்தது. மரத்தில் பாசி. பாதி உயரத்தில் கால் வழுக்கி, கீழே வாய்க்கால் கரையில் வந்து விழுந்தேன். குதிகால் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

தோப்புக்காரர் நல்லவர். இதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்குப் பாவம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். மாதம் ஒரு தடவை வந்து தோப்பைப் பார்த்துவிட்டுப் போவார். நான் விழுந்ததைக் கேள்விப்பட்டதும் நேரே வீட்டுக்கு வந்து, “சும்மா வீட்டுல கெடந்தா உனக்கு மனசு கெட்டுப்போயிரும் தம்பி. கால் சரியாகுற வரைக்கும் பகல்ல தோப்புல வந்து உக்காரு. மோட்டாரைப் போட்டு விடு, தேங்கா திருட்டுப் போகாம பாத்துக்க. அது போதும்” என்றார். என் மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் செய்த உதவிதான் பிறகு என் வாயைக் கட்டியது என்பதும் உண்மை.

கொட்டகைக்கு எதிரே ஒரு தென்னை. அதில் முசுறு இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முசுறு என்பது மரத்திலேயே குடியிருக்கும் செம்மஞ்சள் நிறத்து எறும்பு. இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டும். மா, தென்னை இரண்டிலும் இருக்கும். மரம் ஏறுகிறவனுக்கு அதைப் போல விரோதி கிடையாது. இரண்டு கையும் மரத்தைப் பிடித்திருக்கும்போது கழுத்தில் ஏறிக் கடிக்கும். கடித்த இடத்தில் ஒரு புளிப்புத் தண்ணீரையும் பீய்ச்சும். உடம்பில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறினாலும் விடாது. நான் எத்தனையோ தோப்பில் முசுறுக் கூட்டைக் கொளுத்தினால்தான் ஏறுவேன் என்று சொல்லி, கொளுத்திவிட்டே ஏறியிருக்கிறேன்.

அந்தத் தென்னையின் அடியில் வேறு ஒரு எறும்பு இருந்தது. மண்ணுக்குள் குடியிருக்கும் சின்ன எறும்பு, பழுப்பு நிறம். நாங்கள் மண்ணெறும்பு என்போம். அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ எறும்புக்கு மட்டும் தலை உடம்பைவிடப் பெரிதாக இருக்கும். அது ஏன் அப்படி என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

மார்கழி மாதம், பனி விலகி வெயில் மரத்தடியில் விழும் நேரம். முசுறு நாலைந்து மேலிருந்து இறங்கி வந்தன. கீழேயிருந்து மண்ணெறும்பு ஏறி வந்தது. முழங்கால் உயரத்தில் இரண்டும் சந்தித்தன. எனக்கு வேறு வேலை இல்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

முசுறு ஒன்று ஒரு மண்ணெறும்பைக் கவ்வியது. உடனே இன்னும் நாலு முசுறு வந்து, ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து, நாலு திசையிலும் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. சாகும் வரை இழுப்பு விடவில்லை. கொஞ்சம் தள்ளி இதற்கு நேர்மாறாக நடந்தது. பத்துப் பன்னிரண்டு மண்ணெறும்பு ஒரு முசுறின் கால்களில் தொங்கிக்கொண்டு அதை நகரவிடாமல் நிறுத்தின. அப்புறம் ஒரு பெரிய தலை மெதுவாக வந்தது. வந்து, அந்த முசுறின் காலை ஒரே கடியில் துண்டாக்கியது. எங்கள் ஊரில் ஆடு உரிக்கிற ஆள் வருகிற மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனது. பெரிய தலை எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாளும் அதே இடத்தில் சண்டை. அதற்கு மறுநாளும். மத்தியானம் ஆனால் இரண்டு பக்கமும் போய்விடும். நாலு விரல் அகலத்துக்கு மரத்தில் ஓர் எறும்பும் நடக்காத இடம் மிச்சம் இருக்கும். சாயங்காலம் மறுபடி வந்து அங்கேயே மோதும். எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. சுண்ணாம்பு டப்பியிலிருந்து விரலில் கொஞ்சம் எடுத்து, அந்த எல்லையில் ஒரு கோடு இழுத்தேன். கோல் ஊன்ற ஆரம்பித்த பிறகு, முசுறு இருந்த மற்ற மரங்களுக்கும் நொண்டிக்கொண்டு போய்க் கோடு போட்டேன். மொத்தம் முப்பது மரம் இருக்கும். தை மாதம் முழுக்கப் பார்த்தேன். கோடு ஒரு விரல் மேலே போகும், ஒரு விரல் கீழே வரும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி பக்கத்து வரப்பைச் சீவிச் சீவி அரை மா நிலத்தைச் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களைவிட இந்த எறும்புகள் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். “ஏங்க, அடிபட்டது காலா தலையா? டாக்டரு காலுக்கு மட்டுந்தானே கட்டுப் போட்டாரு?” என்றாள். ஆனால் மறுநாள் சாப்பாடு கொண்டுவந்தவள், அரை மணி நேரம் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

தை மாதக் கடைசியில் தோப்புக்காரரிடமிருந்து போன் வந்தது. அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாசியில் தோப்பைப் பார்க்க வருகிறார்கள். எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். பெண்ணைப் பார்த்துவிட்டு, தோப்பையும் பார்த்துவிட்டுப் போவார்கள். தோப்பில் புல் மண்டிக் கிடந்தால், கவனிக்க ஆள் இல்லாத குடும்பம் என்று பேச்சு வந்துவிடும். அதனால் தோப்பு துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

டிராக்டர் வந்தது. ரொட்டவேட்டரைப் போட்டு முழுத் தோப்பையும் உழுதார்கள். பத்து நாள் கழித்து மறுபடி தலை நீட்டிய புல்லுக்குக் களைக்கொல்லி அடித்தார்கள். அருகு, கோரை, மூக்கிரட்டை, குப்பைமேனி, ஒன்று மிச்சமில்லை. கோயில் பிரகாரம் மாதிரி ஆகிவிட்டது. வடகிழக்கு மூலை மட்டும் தப்பியது. அங்கே ஒரு வேப்பமரத்தடியில் நாகப் புற்று இருக்கிறது, மஞ்சள் துணி சுற்றியிருக்கும். வெள்ளிக்கிழமையில் பெண்கள் பால் ஊற்றுவார்கள். டிராக்டர் ஓட்டியவர் அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிட்டார். மருந்து அடித்தவரும் கிட்டே போகவில்லை. புற்றைச் சுற்றிப் பதினோரு தென்னை. அவற்றின் அடியில் இடுப்பு உயரத்துக்குப் புல் அப்படியே நின்றது. அந்தப் பதினோரு மரத்திலும் முசுறு உண்டு, என் சுண்ணாம்புக் கோடும் உண்டு.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், இளநீர் குடித்தார்கள், தோப்பை ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். தோப்புக்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கும் சந்தோஷம்தான்.

அதற்கு மூன்றாவது நாள் கொட்டகைக்கு எதிர் மரத்தைப் பார்க்கிறேன், மண்ணெறும்பு என் கோட்டைத் தாண்டி ஒரு முழம் மேலே நிற்கிறது. மறுநாள் என் மார்பு உயரத்துக்குப் போய்விட்டது. அதற்கு மறுநாள் நான் கோல் வைத்துக்கூட எட்ட முடியாத இடத்தில் சண்டை. மரப்பட்டையின் வெடிப்புகளில் மண்ணை வைத்துப் பூசி வழி போட்டுக்கொண்டு சாரை சாரையாக ஏறுகின்றன. மரத்தடியில் செத்த முசுறு செங்கல் தூள் கொட்டியது போலக் கிடந்தது. உயிரோடு இருந்தவை வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு மரத்து உச்சிக் கொண்டைக்கு ஓடின. கொண்டைக்கு மேலே ஓட இடம் ஏது? பத்துப் பதினைந்து நாளில் கூடுகள் காய்ந்து சருகாகிக் கீழே விழுந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. உழுத இடத்தில் இருந்த மரம் எல்லாவற்றிலும் இதே கதை.

புற்று மூலைக்குப் போய்ப் பார்த்தேன். பதினோரு மரத்திலும் கோடு போட்ட இடத்திலேயே சண்டை நடந்துகொண்டிருந்தது. வழக்கம் போல நாலு விரல் இடைவெளி. வழக்கம் போல மத்தியானம் ஓய்வு.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனாலும் இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. புல் இருந்தவரை மண்ணெறும்புக்கு விதையும் பூச்சியும் தரையிலேயே கிடைத்தன. புல்லைப் பொசுக்கியதும் வயிற்றுக்கு இல்லை, மரத்தில் ஏறிவிட்டது. தரையை நாம் பிடுங்கிக்கொண்டோம், அது முசுறின் வீட்டைப் பிடுங்கிக்கொண்டது.

முதல் தடவை போனில் சொன்னேன். இரண்டு நாள் யோசித்து, என்ன சொல்ல வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

“ஐயா, தோப்புல முசுறெல்லாம் போயிருச்சுங்க. மண்ணெறும்பு ஏறி...”

“முசுறு போயிருச்சா? அடடே, சந்தோஷம்னு சொல்லு! நீதானப்பா வருஷா வருஷம் முசுறு கடிக்குது, கொளுத்துனாத்தான் ஏறுவேன்னு நிப்பே?” என்று சிரித்தார்.

அது உண்மைதானே. ஆமாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சித்திரையில் மட்டைகள் காய ஆரம்பித்தன. கருந்தலைப் புழு. கீற்றின் அடியில் நூலாம்படை போலக் கட்டிக்கொண்டு பச்சையைச் சுரண்டித் தின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தோப்பில் தீ வைத்துவிட்டது போல இருக்கும். எல்லா வருஷமும் கொஞ்சம் வரும், போகும். இந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. அடி மட்டை, நடு மட்டை எல்லாம் பழுப்பு. புற்று மூலையில் மட்டும் பதினோரு மரம் பச்சையாக நின்றது. குருடனுக்குக்கூடத் தெரியும் வித்தியாசம்.

தோப்புக்காரர் பதறிக்கொண்டு வந்தார். கூடவே மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவரை அழைத்துவந்தார். கடைக்காரர் நாலு மரத்தைச் சுற்றிப் பார்த்தார். வேர் நுனியில் மருந்துப் பை கட்டச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். புற்று மூலையில் முசுறுக் கூட்டைப் பார்த்தவுடன், “இதாங்க வெவகாரமே. முசுறுதான் பூச்சியைத் தூக்கிட்டு வந்து மரத்துக்கு மரம் விட்டுட்டுப் போகும். இதை வச்சிக்கிட்டு எத்தனை மருந்து கட்டினாலும் வேஸ்ட். மொதல்ல இதைக் கொளுத்துங்க” என்றார்.

தோப்பில் அப்போது உரம் வைக்க வந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

“அண்ணே, முசுறு இருக்குற மரத்துலதானே மட்டை காயாம இருக்கு?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ யாருப்பா, எறும்பு டாக்டரா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “அது நாகாத்தா காப்பாத்துறதுய்யா. எறும்பு காப்பாத்துச்சுன்னு சொல்லி நீ பாட்டுக்கு சாமி குத்தம் வாங்கிக்காதே.”

மறுபடி சிரிப்பு. நான் கோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உழுவதற்கு முன்னால் இங்கே இருந்தது, இப்போது அங்கே போய்விட்டது என்று கையைக் காட்டினேன். வார்த்தை குழறியது. நான் போட்ட சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு உரக்காரர்களில் ஒருவர், “வெத்தலை போட்டுட்டு மரத்துல தொடைச்சுட்டு, அதுக்கு ஒரு கதை சொல்றான் பாரு” என்றார். தோப்புக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் என்னைத் தாண்டிக் கடைக்காரரைப் பார்த்து, “சரிங்க, கொளுத்திரலாம்” என்று சொல்லிவிட்டார். அது இரண்டாவது தடவை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டிராக்டர் ஏர் படக்கூடாது, மருந்துத் துளி விழக்கூடாது என்று அந்தப் புற்றுக்கு அத்தனை பயம். அதே புற்றுக்கு நேர் மேலே தீப்பந்தம் பிடிப்பதற்கு ஒருத்தருக்கும் பயமில்லை. நாகாத்தாள்தான் காப்பாற்றுகிறாள் என்றால், அவள் காப்பாற்றுகிற மரத்தைக் கொளுத்தலாமா? இதையெல்லாம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். “இதை அங்க சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?” என்றாள்.

வைகாசி முதல் வாரம் கொளுத்தும் நாள் குறித்தார்கள். கால் சரியாகி நான் மறுபடி ஏற ஆரம்பித்திருந்தேன். வேலை எனக்குத்தான் வந்தது. தோப்புக்காரர் காலையிலேயே வந்து கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வேறு ஆள் இல்லை. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று பக்கத்தில் போய் நின்றேன்.

“ஐயா, அந்தப் பதினோரு மரத்தை மட்டும் விட்ருவோங்க. ஒரே ஒரு மாசம் பொறுத்துப் பாப்போம். அதுல புழு வந்துச்சுன்னா நானே கொளுத்துறேன்.”

அவர் என் காலைப் பார்த்தார். கோபமாக இல்லை, ரொம்பப் பரிவாகவே கேட்டார்.

“ஏம்ப்பா, விழுந்ததுல இருந்து பயம் வந்திருச்சா? இருந்தா சொல்லு, தப்பில்லை. வேற ஆள் பாத்துக்குறேன்.”

அவ்வளவுதான். எனக்குக் குப்பென்று உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. இத்தனை வருஷம் மரம் ஏறியவனைப் பார்த்து, பயமா என்று கேட்டால்? எறும்பைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் மரம் ஏறப் பயந்து சொன்ன சாக்கு என்று இவர் நினைத்திருக்கிறாரா? அப்போது எனக்கு மரமும் தெரியவில்லை, முசுறும் தெரியவில்லை. தளைக்கயிற்றைக் காலில் மாட்டினேன். சாக்கைக் கிழித்துக் கழியில் சுற்றி மண்ணெண்ணெயில் தோய்த்தேன். ஏறினேன்.

பதினோரு மரத்தையும் ஒரே காலையில் முடித்தேன். கீழிருந்து அவர், “மெதுவாப்பா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது எனக்கு இன்னும் வெறியை ஏற்றியது. கூடு எரியும்போது ஒரு சத்தம் வரும், எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி. பாதி எரிந்தவை என் தோளிலும் முதுகிலும் விழுந்தன. கடித்தவை கடித்தன. கடிக்காதவை வாயில் குஞ்சைப் பிடித்திருந்தன. குஞ்சை விட்டால்தானே கடிக்க முடியும். அவை விடவில்லை.

கீழே இறங்கியதும் தோப்புக்காரர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். “பரவால்லை, பழைய ஆளுதான்” என்றார். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஏறினேன் போலிருக்கிறது. கேட்டுவிட்டு, தோளில் ஒட்டியிருந்த முசுறை வாய்க்காலில் போய்க் கழுவினேன்.

ஆனி பிறந்து பத்து நாள் ஆகவில்லை, மண்ணெறும்பு அந்தப் பதினோரு மரத்திலும் கொண்டை வரை ஏறிவிட்டது. எதிர்க்க ஆள் இல்லையே. ஆனி முடிவதற்குள் அடி மட்டையில் பழுப்பு. வேரில் கட்டிய மருந்து மற்ற மரங்களில் ஓரளவு கேட்டது, முழுக்கக் கேட்கவில்லை.

ஆடியில் தோப்புக்காரர் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவை அழைத்துவந்தார். சின்ன வயசு. வெயிலில் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்த்தார். புழுவைத் தின்னும் ஒரு சின்னக் குளவி இருக்கிறது, அதைக் கொண்டுவந்து விடலாம் என்றார். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “ஏன் சார் இப்படி மொட்டையா வச்சிருக்கீங்க? கொஞ்சம் புல்லு பூண்டு இருக்கட்டுமே. ஆமா, உங்க தோப்புல முசுறு கிடையாதா?” என்று கேட்டார். முசுறு புழுவைப் பிடித்துத் தின்றுவிடுவதால், அது இருக்கும் தோப்பில் புழு குறைவாக இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருப்பதாகவும், மண்ணெறும்பு பற்றித் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றும் நேர்மையாகச் சொன்னார்.

தோப்புக்காரர் முகம் மாறிவிட்டது. அவரோடு வந்திருந்த மருந்துக் கடைக்காரரும் பக்கத்தில் நின்றார். தோப்புக்காரர் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, நீ இங்கேயேதானே ரெண்டு மாசம் உக்காந்திருந்தே? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

என் காதையே நம்ப முடியவில்லை. நான் பதில் சொல்வதற்குள் மருந்துக் கடைக்காரர் முந்திக்கொண்டார். “இவரு எங்க சொன்னாரு? ஏதோ மொனகிக்கிட்டு நின்னாரு.”

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வந்ததில்லை.

“மொனகலை. சொன்னேன். மூணு தடவை சொன்னேன். போன்ல ஒரு தடவை, இவரு எறும்பு டாக்டரான்னு கேட்டப்ப ஒரு தடவை, கொட்டகையில ஒரு தடவை. நீங்க கேக்கலை. கேக்காதது உங்க குத்தம். சொல்லலைன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அந்த அம்மா, “என்ன பார்த்தீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார். சொன்னேன். நாலு விரல் இடைவெளி, பெரிய தலை, மாப்பிள்ளை வீட்டார் வந்து போன மூன்றாம் நாள், புற்று மூலை, எல்லாம் சொன்னேன். குழறவில்லை. கால் மணி நேரம் நான் ஒருவன் பேசி மற்றவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, “அந்தப் பதினோரு மரத்துல யாரு கொளுத்தினது?” என்று கேட்டார்.

“ஆள் விட்டுக் கொளுத்துனோம்” என்றார் தோப்புக்காரர்.

என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார், எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் பேசிய நான் அந்த ஒரு இடத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர், “சரி விடு, நடந்தது நடந்து போச்சு” என்று என் தோளில் கை வைத்தார். விடு என்று சொல்வது அவருக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! என்னை எறும்பு டாக்டர் என்று சிரித்த கடைக்காரர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இன்றைக்கும் அதே கடையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து யாருக்காவது யோசனை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

குளவி விட்ட பிறகு மரங்கள் மெல்லத் தேறின. தரையில் இப்போது புல்லை விட்டிருக்கிறார்கள். ஆனால் முசுறு திரும்பவில்லை. வேறொரு தோப்பிலிருந்து இரண்டு கூட்டைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து மரத்தில் வைத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் மண்ணெறும்பு இரண்டையும் முடித்துவிட்டது.

இந்தக் கதையை நான் எங்கள் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில் சொன்னேன், கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன், ஒருத்தரும் கேட்கவில்லை என்று இப்போது சத்தமாகவே சொல்கிறேன். கேட்கிறவர்களும் அநியாயம் என்கிறார்கள். அநியாயம்தான், என் கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் பயமா என்று ஒருவர் கேட்ட ஒரே வார்த்தைக்காக, நன்றாகத் தெரிந்தே பந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியவன் நான்தான் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் மற்றவர்கள் மேல் மட்டும் கோபப்பட எனக்கு இனி உரிமை இல்லை என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.